மலை இறங்கிய கையோடு அலாய் வீலைக் கழுவலாமா? கேரவன், வேன் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து கொடைக்கானல் போகும் வண்டிகள் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் மலை ஏறுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வட்டாரம் தாண்டிக்குடி மலைச்சாலைக்கு அடிவாரம். சீசன் நேரத்தில் இந்தச் சாலைகளில் கார், டூரிஸ்ட் வேன், கேரவன் எல்லாம் வரிசை கட்டும்.

மலை இறங்கி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பாடி பளபளவென்று இருக்கும், முன்பக்க அலாய் வீல் மட்டும் கரி பூசியது போல இருக்கும். அடிவாரத்துக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டு, "அண்ணே, வீலை மட்டும் பளிச்சுன்னு ஆக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் செய்யும் தவறு, பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய வீலை நிரந்தரமாக மங்க வைத்துவிடலாம். சில சமயம் கழுவுகிற தொழிலாளியின் கையையே பதம் பார்த்துவிடலாம். அலுமினிய வீலை எப்படிக் கழுவ வேண்டும்? எதை பாலிஷ் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது அலுமினியம்தானா?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். வேன், கேரவன்களில் இரும்பு ரிம் மேல் பளபளப்பான வீல் கப் மாட்டியிருப்பதை அலாய் வீல் என்று நினைப்பவர்கள் உண்டு.

ஒரு சின்ன காந்தம் போதும். வீல் கப் இருந்தால் கழற்றிவிட்டு, ரிம்மின் விளிம்பில் காந்தத்தை வையுங்கள். 'டக்' என்று ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமல் வழுக்கினால் அலுமினியக் கலவை. நடுவில் இருக்கும் நட்டு, போல்ட்டில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.7 கிராம். இரும்புக்கு 7.8 கிராமுக்கு மேல். எடை குறைவு, சூட்டை வேகமாக வெளியே கடத்தும் என்ற இரண்டு காரணங்களால்தான் வண்டி தயாரிப்பாளர்கள் அலுமினியத்தைத் தேடிப் போனார்கள். 1924-ல் புகாட்டி நிறுவனம் தன் டைப் 35 ரேஸ் காரில் வார்ப்பு அலுமினிய வீலைப் பயன்படுத்தியது. 1948-ல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம், லாரிகளுக்காக ஃபோர்ஜிங் முறையில் அழுத்தி உருவாக்கிய அலுமினிய வீலைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பெரிய மோட்டார்ஹோம்களில் கண்ணாடி போல மின்னும் வீல்கள் இந்த வழியில் வந்தவைதான்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்தான் நினைவுக்கு வரும். பக்கத்து மாநிலமான கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்றே தனிக் கொள்கை அறிவித்தது. குடும்பத்தோடு படுத்துறங்கிப் பயணம் போக வேனை மாற்றி அமைப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வண்டி எதுவானாலும் அலுமினிய வீலுக்கான விதிகள் ஒன்றுதான்.

அலுமினியம் துருப்பிடிக்காதே, அப்புறம் ஏன் மங்குகிறது?

இரும்பு போல அலுமினியம் செந்துரு பிடிக்காது. ஆனால் காற்றுப் பட்டவுடனேயே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள படலம் இது. இதுதான் அலுமினியத்தின் கவசம்.

இந்தக் கவசம் அதிக அமிலத்தையும் தாங்காது, அதிகக் காரத்தையும் தாங்காது. பி.எச் அளவு சுமார் 4-க்குக் கீழே போனாலும், 9-க்கு மேலே போனாலும் படலம் கரையத் தொடங்கும். உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கப்படும்.

இது நம் வீட்டுச் சமையலறையில் தினமும் நடக்கும் விஷயம்தான். அலுமினிய இட்லி குண்டானில் தண்ணீர் கொதிக்கும் இடம் மட்டும் உள்ளே கருத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மையும் தாதுக்களும்தான் முக்கியக் காரணம். அதனால்தான் அந்தத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டு வைப்பார்கள். லேசான புளிப்பு காரத்தைச் சமன் செய்துவிடும், குண்டானும் கருக்காது.

வீலில் நடப்பதும் இதேதான். ஆனால் இங்கே உப்புத் தண்ணீரோடு பிரேக் தூசி, சூடு, சேறு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

மலை இறங்கும்போது சக்கரத்தில் என்ன நடக்கிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அடிவாரத்துக்கும் அதற்கும் உயர வித்தியாசம் 1,700 மீட்டருக்குக் குறையாது.

மூன்றரை டன் எடையுள்ள ஒரு வேன் இந்த 1,700 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் சுமார் 5.8 கோடி ஜூல். அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு முழு பேரல் தண்ணீரை, அதாவது சுமார் 200 லிட்டரை, கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும்.

இதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கில் சூடாக மாறும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், பிரேக் டிஸ்க் சில நூறு டிகிரி வரை சூடேறும். டிஸ்க்கிலும் பேடிலும் இருந்து தேய்ந்து வரும் இரும்புத் துகள்கள் சூட்டோடு பறந்து வீலில் போய் ஒட்டும். அந்தக் கரிதான் இது.

சும்மா தூசி என்றால் தண்ணீர் பட்டால் போய்விடும். இது சூடாகப் போய்ப் பதிந்த இரும்புத் துகள். ஈரம் பட்டதும் அந்தத் துகள் துருப்பிடிக்கும், வீலில் பழுப்புப் புள்ளிகள் விழும். வாரக்கணக்கில் விட்டால் மேல் பூச்சையும் அரிக்கத் தொடங்கும்.

கேரவனுக்கு இந்தப் பிரச்சினை கூடுதல். கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஏசி என்று ஏற்றிய எடை முழுவதையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். எடை கூடக் கூட சூடும் தூசியும் கூடும்.

சூடான வீலில் தண்ணீர் அடித்தால் என்ன ஆகும்?

முதல் பாதிப்பு பிரேக் டிஸ்க்குக்கு. கொதிக்கும் டிஸ்க்கில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது சீராகச் சுருங்காது. டிஸ்க் வளைந்துவிட்டால் அடுத்த முறை பிரேக் மிதிக்கும்போது பெடலிலும் ஸ்டியரிங்கிலும் அதிர்வு தெரியும். அடுத்த மலை இறக்கத்தில் இது ஆபத்து.

இரண்டாவது பாதிப்பு வீலுக்கு. சூட்டில் தண்ணீரும் சோப்பும் கிளீனரும் நொடியில் காய்ந்துவிடும். கிளீனரின் வீரியம் அதே இடத்தில் கூடி, வீலில் படை படையாகக் கறை விழும். இந்தக் கறை பிறகு தேய்த்தாலும் போகாது.

என்ன செய்யலாம்? மலை இறங்கியதும் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். வீலின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது. பிறகு புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்க்கும்போது வெதுவெதுப்புகூட இல்லாமல் இருந்தால்தான் தண்ணீர்.

உங்கள் வீல் எந்த வகை?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. எல்லா அலாய் வீலுக்கும் ஒரே மருந்து கிடையாது. நான்கு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. பெயின்ட் அடித்த வீல்: வெள்ளி, சாம்பல், கறுப்பு நிறங்களில் வருவது. மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். பெரும்பாலான கார், வேன் அலாய் வீல்கள் இந்த வகை.

2. டைமண்ட் கட் வீல்: லேத்தில் கடைந்த மெல்லிய கோடுகள் முகப்பில் தெரியும். இதற்கும் மேலே கிளியர் கோட் உண்டு. இரண்டு நிறத்தில் இருக்கும் புதிய மாடல் வீல்கள் பலவும் இதுதான்.

3. அனோடைஸ் செய்த வீல்: மின்வேதியியல் முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கியது. தொட்டால் சற்று மங்கலான பட்டுப் போன்ற தோற்றம்.

4. பூச்சே இல்லாத பாலிஷ் வீல்: வெறும் உலோகம், கண்ணாடி போல முகம் தெரியும். பெரிய மோட்டார்ஹோம், பஸ், லாரிகளில் வரும் ஃபோர்ஜ்டு வீல்களில் அதிகம்.

மெட்டல் பாலிஷ் என்பது நான்காவது வகைக்கு மட்டும்தான். முதல் இரண்டு வகையில் மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நீங்கள் தேய்ப்பது உலோகத்தை அல்ல, அதைக் காக்கும் பூச்சை. அனோடைஸ் வீலில் தேய்த்தால் படலம் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழுவிக் காய்ந்த வீலின் உள்பக்கம், வெளியே தெரியாத ஓர் இடத்தில், சுத்தமான வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மெட்டல் பாலிஷ் வைத்து மெதுவாகத் தேயுங்கள். துணி கறுப்பாக மாறினால் அது பூச்சில்லாத அலுமினியம். கறுக்காமல் வெள்ளையாகவே இருந்தால் மேலே பூச்சு இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகப்பு ஒரு வகை, உள்பக்கம் வேறு வகை என்றும் இருக்கலாம். அதனால் முகப்பின் ஓரத்திலும் ஒரு சிறு இடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

'ஆசிட் வாஷ்' ஏன் வேண்டாம்?

கரி போகவில்லை என்றதும் சில இடங்களில் லேபிள் இல்லாத கேனில் இருந்து எதையோ எடுத்து ஸ்பிரே செய்வார்கள். நுரை பொங்கும், இரண்டே நிமிடத்தில் வீல் வெள்ளையாகிவிடும். வண்டிக்காரருக்கும் சந்தோஷம்.

அந்த வெள்ளை, சுத்தத்தின் அடையாளம் இல்லை. அலுமினியத்தின் மேல்தோல் கரைந்த அடையாளம். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, ஃபுளோரைடு சார்ந்த அமிலமோ அதில் இருக்கலாம். கிளியர் கோட்டில் விழுந்த நுண்ணிய விரிசல் வழியே இது உள்ளே இறங்கும். சில மாதங்களில் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போலக் கோடுகள் தெரியும். டைமண்ட் கட் வீலில் இந்தப் புழுக்கோடு வந்துவிட்டால் துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. பூச்சை முழுவதும் எடுத்து, லேத்தில் மறுபடி கடைந்து, புதிதாகப் பூச வேண்டும்.

காரமும் இதே போல ஆபத்து. இன்ஜின் கழுவ வைத்திருக்கும் காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரை வீலில் அடிப்பவர்கள் உண்டு. காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வெளியாகி உலோகம் கரையும். பாலிஷ் வீல் சில நிமிடங்களில் சாம்பல் நிறமாகிவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, கழுவும் தொழிலாளிக்கு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வீரியம் குறைவாக இருக்கும்போது தோலில் பட்டவுடனே எரிச்சல் தராமல் இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் அது தசைக்குள் இறங்கி, உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிக அளவில் பட்டால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

சந்தேகம் இருந்தால் உடனே செய்ய வேண்டியது: பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், நனைந்த துணியைக் கழற்ற வேண்டும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இதற்கான முதல் மருந்து. எந்த கெமிக்கல் பட்டது என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், கேன் இருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் கேள்விதான். சாலையோரக் கால்வாயில் விட்டால் தென்னந்தோப்பு, வயல், கிணறு என்று அது போய்ச் சேரும் இடம் அதிக தூரத்தில் இல்லை.

அடுத்த முறை வண்டியை விடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "அண்ணே, வீலுக்கு ஆசிட் வேண்டாம், ஷாம்பு போதும்."

சரியாகக் கழுவுவது எப்படி?

- ஒரு நேரத்தில் ஒரு வீல் மட்டும் எடுங்கள். நான்கிலும் கிளீனர் அடித்துவிட்டு முதல் வீலுக்கு வருவதற்குள் அது காய்ந்துவிடும்.
- முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணையும் கரியையும் இறக்குங்கள். மண் இருக்கும்போதே துணி போட்டுத் தேய்த்தால் கீறல் விழும்.
- கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மென்மையான பிரஷ், மைக்ரோஃபைபர் துணி போதும். வீலுக்கு வைத்த துணியை பாடிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டிய இரும்புத் துகள் பெயின்டைக் கீறிவிடும்.
- பதிந்துபோன பிரேக் தூசிக்கு 'அயர்ன் ரிமூவர்' என்று விற்கும் அமிலமில்லாத கிளீனர் உண்டு. இரும்புத் துகளைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறும். லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல் கழுவிவிட வேண்டும்.
- பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம். கீறுவதோடு, உடைந்த கம்பித் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்பிடிக்கும்.
- பிரஷர் வாஷர் முனையை வீலுக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் அடித்தால் மீதியும் உரிந்து வரும். டயரின் பக்கவாட்டிலும் கிட்ட வைத்து அடிக்கக் கூடாது.
- கழுவியதும் உடனே துடைத்துவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை.

கடைசி விஷயம் போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் ஊர்களுக்கு ரொம்ப முக்கியம். கடினத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளியாக வீலில் தங்கும். பக்கெட்டை மாற்றினாலோ ஷாம்பை மாற்றினாலோ இது போகாது. காயும் முன் துடைப்பதுதான் ஒரே வழி. கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீரோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? பூச்சுள்ள வீல் என்றால், வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இட்லி குண்டானில் புளி போடும் அதே கணக்குதான். ஆனால் ஊற வைக்கக் கூடாது.

பாலிஷ் செய்வது எப்படி? பூச்சில்லாத வீலுக்கு மட்டும்

வீலைக் கழற்றி வைத்துச் செய்வதே நல்லது. வண்டியிலேயே வைத்துச் செய்தால் பிரேக் டிஸ்க்கில் பாலிஷ் படாதபடி மூட வேண்டும். அதில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் பிடிக்காது. கழற்றும்போது வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

1. கழுவிக் காய விடுங்கள். ஒரு மண் துகள்கூட இருக்கக் கூடாது.

2. லேசான மங்கல் மட்டும் என்றால் உப்புத்தாள் தேவையில்லை. மெட்டல் பாலிஷைத் துணியில் எடுத்து, உள்ளங்கை அளவு இடமாகத் தேயுங்கள். துணி கறுக்கும், அது இயல்பு. வேறு சுத்தமான துணியால் துடைத்தால் பளபளப்பு தெரியும்.

3. கீறல், குழி இருந்தால் மட்டும் வாட்டர் பேப்பர். 400 அல்லது 600-ல் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடு முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த எண். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் பார்க்கும்போது அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

4. பிறகு காட்டன் பஃப். முதலில் வெட்டும் தன்மையுள்ள பழுப்பு நிற காம்பவுண்ட், அடுத்து மெருகேற்றும் நைஸான காம்பவுண்ட். இரண்டுக்கும் தனித்தனி பஃப் வேண்டும். ஒரே இடத்தில் மெஷினை நிறுத்தினால் சூடேறி அங்கே மட்டும் மேகம் போல மங்கிவிடும்.

5. பாலிஷ் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டு வாக்ஸ் அல்லது வீல் சீலன்ட் பூசுங்கள். பாலிஷ் பளபளப்பைத் தரும், அதைக் காப்பது இந்தப் பூச்சுதான். இதை விட்டுவிட்டால் ஒரே மழையில் மங்கல் திரும்பிவிடும்.

மெஷினில் வேலை செய்யும்போது கழுத்துத் துண்டு, லுங்கி முனை, வளையல், கயிறு எதுவும் தொங்கக் கூடாது. சுழலும் பஃப் நொடியில் சுற்றி இழுத்துவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம். அலுமினியத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், காற்றில் அடர்த்தியாகப் பரவினால் தீப்பிடிக்கவும் கூடியது. பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது, பீடி, சிகரெட் கூடாது.

அடிக்கடி பாலிஷ் செய்தால் நல்லதுதானே?

இல்லை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் துணி கறுப்பதற்குக் காரணம், அலுமினியமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருவதுதான். கையால் செய்யும் பாலிஷில் இது மிகக் குறைவு. உப்புத்தாளும் மெஷினும் வைத்தால் கணிசம்.

அடிக்கடி கழுவுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போடுங்கள், பாலிஷைத் தேவைப்படும்போது மட்டும் தொடுங்கள். பூச்சுள்ள வீலுக்குக் கழுவலும் வாக்ஸும் மட்டுமே போதும்.

நட்டு உட்காரும் துளை, வண்டியின் ஹப்போடு ஒட்டும் பின்பக்கம், டயர் விளிம்பு உட்காரும் இடம் ஆகிய மூன்றிலும் உப்புத்தாளோ பஃப்போ படவே கூடாது. அங்கே தேய்ந்தால் நட்டு தளரும், காற்று கசியும். பட்டறையில் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேரவன் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

கேரவனின் பெரிய எதிரி ஓட்டம் அல்ல, நிற்பது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஈர மண்ணில் நின்றால் வீலின் கீழ்ப்பகுதி மட்டும் அரிக்கும். கான்கிரீட் தளம் அல்லது பலகை மேல் நிறுத்துங்கள். உரம், சிமென்ட், சுண்ணாம்பு மூட்டை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். சிமென்டும் சுண்ணாம்பும் காரம், உர உப்பும் உலோகத்தை அரிக்கும். நிறுத்தும் முன் கழுவித் துடைத்து வாக்ஸ் போட்டுவிட்டால் பாதி கவலை தீரும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால், இரண்டு டயருக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாருங்கள். இரண்டு வீலும் ஒட்டும் பரப்பில் பாலிஷ், வாக்ஸ், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது.

அலுமினிய வீலும் இரும்பு ஹப்பும் ஈரத்தோடு சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும். வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால் பஞ்சர் ஆன அன்றைக்கு வீல் வரவே வராது. டயரை இடம் மாற்றும்போதெல்லாம் கழற்றி, அந்தப் பரப்பை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வீலைக் கழற்றி மாட்டினால், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு மலை ஏறாதீர்கள்.

பாலிஷை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் போக வேண்டியது எப்போது?

வீலைக் கையால் கழுவித் துடைப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் பளபளப்பு இல்லை. ஒவ்வொரு அங்குலத்தையும் கண் பார்த்துவிடுகிறது என்பதுதான். துடைக்கும்போது இவற்றில் எது தெரிந்தாலும் பாலிஷ் துணியைக் கீழே வையுங்கள்.

- ஆரத்திலோ, நட்டுத் துளையைச் சுற்றியோ, உள்விளிம்பிலோ முடி போன்ற விரிசல் கோடு
- நட்டைச் சுற்றி வடிந்தது போல துருக்கறை அல்லது பளபளப்பான தேய்மானம். நட்டு தளர்ந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.
- ரிம் விளிம்பில் வளைவு, அடிக்கடி காற்று குறைவது
- வீலின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு
- ஒரு பக்க வீலில் மட்டும் அளவுக்கு மீறிய பிரேக் தூசி. அந்தப் பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

வளைந்த ரிம்மை கேஸ் டார்ச்சில் சூடாக்கித் தட்டி எடுப்பதும், விரிசலை வெல்டிங் வைத்து மூடுவதும் செலவு குறைவாகத் தெரியும். ஆனால் அலாய் வீலின் பலம், தொழிற்சாலையில் அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெளியே பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், இல்லாமல் போகாது. குடும்பத்தோடு மலை ஏறும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

புது வீல் வாங்குவதாக இருந்தால் வண்டி நிறுவனம் சொன்ன அளவு, துளைக் கணக்கு, சுமை தாங்கும் திறன் மூன்றும் பொருந்த வேண்டும். ரிம்முக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16192. அந்த ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அளவை மாற்றிப் பெரிய வீல் போட்டால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது சிக்கல் வரலாம்.

ஒரே பார்வையில்

- மலை இறங்கியதும் ஆற விடுங்கள், பிறகு கழுவுங்கள்.
- ஆசிட் வேண்டாம், காஸ்டிக் வேண்டாம், கம்பி நார் வேண்டாம்.
- துணி கறுத்தால் மட்டும் பாலிஷ். கறுக்காவிட்டால் ஷாம்பும் வாக்ஸும் போதும்.
- போர்வெல் தண்ணீர் காயும் முன் துடையுங்கள்.
- கழற்றி மாட்டினால் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி பாருங்கள்.
- விரிசல் கண்டால் பாலிஷ் இல்லை, ஒர்க்‌ஷாப்.

கொடைக்கானல் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். பயணத்துக்கு முந்தைய நாள் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று பார்ப்பது போலவே, ஒரு துணியை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.